பென் டிரைவில் இடம் இருந்தும் படம் ஏறாதது ஏன்? 1981-ல் ஒதுக்கப்பட்ட நான்கு பைட்டுகளின் கதை

புதிதாக வாங்கிய 32 ஜிபி பென் டிரைவ். உள்ளே ஒரு கோப்புகூட இல்லை. ஐந்து ஜிபி அளவுள்ள கல்யாண வீடியோவை அதில் போட முயன்றால், 'கோப்பு மிகப் பெரியது' என்று சொல்லிக் கணினி கையை விரித்துவிடுகிறது. கடைக்காரரிடம் கொண்டுபோனால் அவர் வேறொன்றை மாற்றித் தருகிறார். அதிலும் அதே கதைதான்.

பென் டிரைவில் பழுது எதுவும் இல்லை. அது பின்பற்றும் பதிவு முறை, 160 கிலோபைட் ஃப்ளாப்பிகள் புழங்கிய காலத்தில் வகுக்கப்பட்டது. அன்றைய ஃப்ளாப்பிகள் குப்பைக்குப் போய்விட்டன. அவற்றுக்காகப் போட்ட கணக்குகள் மட்டும் போகவில்லை. பழைய கணினிகளின் இடநெருக்கடி இன்றைய கருவிகளுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் மூன்று சொற்கள்

1. பிட், பைட்: 0 அல்லது 1 என்ற ஒரேயொரு குறி, பிட். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றைச் சேமிக்க ஒரு பைட் போதும். இன்றைய பரவலான முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும்.

2. நினைவகம், சேமிப்பகம்: பேச்சில் இரண்டையும் 'மெமரி' என்றே சொல்லிவிடுகிறோம். கணினி வேலை செய்யும்போது எதிரே விரித்துவைத்துக்கொள்வது நினைவகம். மின்சாரம் போனால் அதில் இருந்ததும் போய்விடும். வேலை முடிந்ததும் எடுத்து அடுக்கிவைக்கும் அலமாரி சேமிப்பகம். ஃப்ளாப்பி, ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எல்லாம் இரண்டாம் வகை.

3. புலம்: ஒரு தகவலை எழுத ஒதுக்கப்பட்ட கட்டம். விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு இத்தனை கட்டம், பின்கோடுக்கு ஆறு கட்டம் என்று இருக்குமே, அதுதான். கட்டங்களின் எண்ணிக்கையை ஒருமுறை முடிவு செய்துவிட்டால், பிறகு கூட்டுவது பெரும்பாடு. ஏழு இலக்கமாக இருந்த சென்னைத் தொலைபேசி எண்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்க்கப்பட்டபோது விசிட்டிங் கார்டு, கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை என்று எத்தனை இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது என்பதை அந்தக் காலத்தில் கடை நடத்தியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றில் மூன்றாவதுதான் முக்கியமானது. இடம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அந்த இடத்தைக் குறித்துவைக்கும் கட்டம் எவ்வளவு பெரியது என்பது வேறு கேள்வி. நம் பென் டிரைவுக்கு முதலாவதில் குறையே இல்லை. அது இடறுவது இரண்டாவதில்.

ஒரு பிட்டுக்கு ஒரு டாலர்

1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்திலேயே நிரலை வைத்து இயங்கும் முதல் மின்னணுக் கணினி ஓடியது. 'பேபி' என்று அழைக்கப்பட்ட அதன் மொத்த நினைவகம் 32 பிட் கொண்ட 32 சொற்கள், அதாவது 128 பைட். இன்று நாம் தமிழைச் சேமிக்கும் முறையில் திருக்குறளின் முதல் குறளை எழுதினால், சொல் இடைவெளிகளோடு சேர்த்து 123 பைட் ஆகிறது. ஒரு குறளை வைத்தால் மிச்சம் ஐந்தே பைட். நிரல் எழுத இடமிருக்காது.

1956-ல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியோடு உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் நான்கு எம்பிக்கும் சற்றுக் குறைவு. இப்போதைய கைபேசியில் நல்ல தரத்தில் எடுத்த புகைப்படம் ஒன்றே அதை நிறைத்துவிடும்.

நினைவகத்தின் நிலை இன்னும் மோசம். 1950-களில் பரவலான காந்த வளைய நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் காந்த வளையம். வளையங்களின் ஊடாகக் கம்பிகளைக் கையால் கோக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு பிட்டின் விலை ஏறத்தாழ ஒரு டாலர். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் கணினியில் நிரலே நெய்யப்பட்டது: கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1, ஒதுங்கிப் போனால் 0. தறி வேலைபோன்ற அந்தப் பணியைச் செய்தவர்கள் தொழிற்சாலைப் பெண்கள். அப்படி நெய்த நிரந்தர நினைவகம் சுமார் 72 கிலோபைட் (கேபி), எழுதி அழிக்கக்கூடியது சுமார் 4 கேபி. நெய்து முடித்த பிறகு நிரலில் ஒரு பிழையைக் கண்டால் திருத்துவது எவ்வளவு பெரிய வேலை என்பதை நெசவு தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த விலைவாசியில் வேலை பார்த்தவர்கள் ஆண்டை '1965' என்று எழுதாமல் '65' என்று எழுதினார்கள். அதைச் சோம்பல் என்று பின்னாளில் கேலி செய்தவர்கள் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. பத்து லட்சம் வாடிக்கையாளர்களின் பிறந்த தேதியில் '19' என்ற இரண்டு இலக்கத்தை விட்டுவிட்டால் மிச்சமாவது 20 லட்சம் எழுத்துகள். அந்த ஒரு டன் எடையுள்ள ராமாக் வட்டில் ஐந்தில் இரண்டு பங்கு! தரவுகளைத் துளைத்து வைத்த அட்டையிலும் ஒரு வரிக்கு 80 எழுத்துகள்தான். எந்தக் கணக்கரும் செய்யக்கூடிய சிக்கனம் அது. அதற்கான வட்டி 1999-ல் வந்தது; 2000-த்தை 1900 என்று கணினிகள் எண்ணிவிடாமலிருக்க உலகம் முழுவதும் நிரல்களை வரி வரியாகத் திருத்த வேண்டியதாயிற்று. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் அமெரிக்கச் சந்தையில் வலுவாகக் காலூன்றியதில் அந்தத் திருத்த வேலைக்குப் பெரும் பங்கு உண்டு.

640 கேபி: சுவர் எங்கிருந்து வந்தது?

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வெளிவந்தது. அடிப்படை மாதிரியில் 16 கேபி நினைவகம். ஃப்ளாப்பி வாங்க வசதியில்லாதவர்கள் பாட்டுக் கேட்கும் கேசட்டில் நிரலைப் பதிந்துகொள்ளலாம். அதற்கென ஒரு துளையே பின்புறம் இருந்தது.

அதன் இன்டெல் 8088 சில்லுக்கு முகவரிக் கம்பிகள் இருபது. ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1. ஆகவே இருபது கம்பிகளால் சுட்டக்கூடிய இடங்கள் 2-ஐ இருபது முறை பெருக்கினால் வரும் 10,48,576. அதுதான் ஒரு எம்பி. இதில் மேலே உள்ள 384 கேபியைத் திரைக்கும் நிரந்தர நிரல்களுக்கும் ஒதுக்கிவிட்டு, மீதி 640 கேபியைப் பயனர் நிரல்களுக்கு விட்டார்கள்.

அன்றைய கண்ணோட்டத்தில் இது கஞ்சத்தனமே இல்லை. அதற்கு முந்தைய எட்டு பிட் கணினிகள் வழக்கமாக 64 கேபி வரைதான் போகும். அதைப்போலப் பத்து மடங்கு கொடுத்திருக்கிறார்கள். '640 கேபி யாருக்கும் போதும்' என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு வாசகம் ஊரெல்லாம் சுற்றுகிறது. அவர் அதைச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அவரே மறுத்தும் இருக்கிறார்.

ஆனால் பத்தாண்டுக்குள் சில்லுகள் பல எம்பியைக் கையாளத் தொடங்கியும், பிசியின் இயங்குதளமான டாஸில் ஓடிய நிரல்கள் 640 கேபிக்குள்ளேயே நெருக்கியடித்துக் கிடந்தன. திரைக்கான நினைவகம் எங்கே தொடங்குகிறது என்பதை நம்பி ஆயிரக்கணக்கான நிரல்கள் எழுதப்பட்டுவிட்டன. நடுவில் நிற்கும் சுவரை இடித்தால் வீடே விழும்.

ஒரு கோப்புக்கு 32 பைட் ஜாதகம்

இனி நம் பென் டிரைவுக்கு வருவோம். பிசியின் முதல் ஃப்ளாப்பி 5.25 அங்குலம், ஒரு பக்கம் மட்டும், 160 கேபி. கணினியில் இரண்டு ஃப்ளாப்பி வாய்கள் இருக்கும்: ஏ, பி. 1983-ல் பிசி எக்ஸ்டி மாதிரியோடு 10 எம்பி ஹார்ட் டிஸ்க் வந்தபோது அதற்குக் கிடைத்தது அடுத்த எழுத்தான சி. ஏ, பி இரண்டும் மறைந்த பிறகும் விண்டோஸ் கணினிகளில் முதல் வட்டு 'சி'யாகவே நீடிக்கிறது. தாத்தாவின் பெயர்ப் பலகை கழற்றப்படாத வீடு.

ஃப்ளாப்பியில் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் டாஸ் 32 பைட்டில் ஒரு குறிப்பு எழுதிவைத்தது. ஜாதகக் கட்டம்போல எதற்கு எந்த இடம் என்பது நிலையானது:

1. முதல் 11 பைட் கோப்பின் பெயருக்கு. எட்டு எழுத்துப் பெயர், மூன்று எழுத்து வகைக்குறி. 1990-களில் கணினி மையத்தில் செருப்பை வெளியே விட்டு, குளிரூட்டிய அறைக்குள் போய் வேர்ட்ஸ்டாரில் கடிதம் அடித்தவர்கள் எல்லாம் கோப்புக்குப் பெயர் சூட்ட முடியாமல் தவித்தது இதனால்தான். ஒன்பதாவது எழுத்துக்குக் கட்டம் கிடையாது. 1995-ல் விண்டோஸ் நீண்ட பெயர்களை அனுமதித்தபோதும், பழைய நிரல்களுக்காக உள்ளுக்குள் ஆறு எழுத்தும் ஒரு நெளிகோடும் ஓர் எண்ணும் கொண்ட குட்டிப் பெயரைக் கூடவே வைத்துக்கொண்டது.

2. இரண்டு பைட் தேதிக்கு. அதில் ஆண்டுக்கு ஏழு பிட். ஏழு பிட்டில் 0 முதல் 127 வரை எண்ணலாம். எண்ணிக்கை 1980-ல் தொடங்குகிறது, 2107-ல் முடிகிறது. பேட்டரி தீர்ந்த பழைய கணினிகள் ஒவ்வொரு காலையிலும் '1980 ஜனவரி 1' என்று விழித்துக்கொண்டது இந்தத் தொடக்கப் புள்ளியால்தான்.

3. கடைசி நான்கு பைட் கோப்பின் அளவுக்கு.

நான்கு பைட் என்றால் 32 பிட். எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். பைட் கணக்கில் அது நான்கு ஜிபிக்கு ஒன்று குறைவு. இந்தப் பதிவு முறையின் பிற்கால வடிவமான ஃபேட் 32-உம் இதே கட்டத்தை மாற்றாமல் எடுத்துக்கொண்டது. சிறிய கொள்ளளவு பென் டிரைவ்கள் பெரும்பாலும் கடைக்கு வருவது அந்த முறையில்தான். டிவி, கார் ஸ்டீரியோ, ஜெராக்ஸ் கடைக் கணினி எதில் செருகினாலும் அது ஓடும் என்பதே காரணம். ஐந்து ஜிபி வீடியோவின் அளவை எழுத அங்கே கட்டம் போதவில்லை. பென் டிரைவ் காலியாக இருப்பதால் ஒரு பயனும் இல்லை.

கஞ்சத்தனம் சீக்கிரம் பிடிபடும், தாராளம் தப்பித்துவிடும்

இங்கே ஒரு கணக்கு. அந்த முதல் ஃப்ளாப்பி வட்டின் மொத்த அளவு 1,63,840 பைட். அதில் வைக்கப்போகும் ஒரு கோப்புக்கு அனுமதித்த உச்ச அளவு, வட்டைப்போல 26,214 மடங்கு! வடிவமைத்தவர்கள் சிக்கனம் பிடிக்கவில்லை, அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். இன்று நம்மை இடறுவது அந்தத் தாராளம்தான்.

முரணாகத் தோன்றினாலும் இதற்கு நேரான காரணம் உண்டு. கட்டம் மிகச் சிறியதாக இருந்தால் ஓரிரு ஆண்டில் முட்டும். அப்போது அந்த முறையைப் பயன்படுத்துவோர் சிலரே; மாற்றிவிடலாம். கட்டம் பெரியதாக இருந்தால் முப்பது நாற்பது ஆண்டுக்கு எவரும் முட்டமாட்டார்கள். அதற்குள் அதன் மேல் உலகமே கட்டப்பட்டிருக்கும்.

யுனிக்ஸ் இயங்குதளத்தின் கடிகாரம் இதற்குச் சரியான சாட்சி. 1971-ல் அது நேரத்தை விநாடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணி 32 பிட்டில் எழுதியது. அந்தக் கட்டம் சுமார் 829 நாளில் நிரம்பிவிடும். பிரச்சினை உடனே கண்ணில் பட்டது, சில ஆண்டுக்குள் மாற்றினார்கள்: இனி முழு விநாடிகள், 1970 ஜனவரி 1 முதல். குறைஎண்களுக்கும் இடம் விட்டதால் மேல்வரம்பு 214,74,83,647 விநாடிகள். 68 ஆண்டு! யார் கவலைப்படுவார்? அந்தக் கெடு 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடியில் முடிகிறது. அடுத்த விநாடி, திருத்தப்படாத கருவிகளில் தேதி 1901 டிசம்பருக்குப் பாயும். இன்றைய கைபேசிகளும் மடிக்கணினிகளும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. லினக்ஸின் மையநிரல் 32 பிட் சில்லுகளுக்கும் 2020-ல் வழிசெய்துவிட்டது. ஆபத்து, சுவருக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் பொருத்தி மறந்துபோன, யாரும் புதுப்பிக்காத பழைய 32 பிட் கருவிகளில்தான்.

247 எழுத்து, 128 நாற்காலி

மேலே சொன்ன விதிக்குத் தமிழ் ஒரு வலிமிகுந்த விலக்கு. நமக்குக் கொடுக்கப்பட்ட கட்டம் தொடக்கத்திலேயே முட்டியது. ஆனால் அதை ஆளுக்கொரு விதமாகச் சரிசெய்தார்கள்.

ஒரு பைட்டில் எழுதக்கூடிய வெவ்வேறு மதிப்புகள் 256. அவற்றில் முதல் 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் கட்டுப்பாட்டுக் குறியீடுகளும் பிடித்துக்கொண்டன. மிச்சம் 128. தமிழின் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கிரந்த எழுத்துகள் தனி. 128 நாற்காலியில் 247 பேரை உட்காரவைக்க முடியாது.

ஆகவே எழுத்துகளைத் துண்டாக்கினார்கள். 'கொ' என்பதைத் தனி எழுத்தாக வைக்காமல் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டாகச் சேமித்தார்கள். பழைய தட்டச்சுப் பொறியின் வழிதான். எந்தத் துண்டுக்கு எந்த எண் என்பதில்தான் குழப்பம். எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தம் வசதிப்படி வரிசை வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வரைந்துவிட்டார்கள். குறிப்பிட்ட எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் மந்திரவாதி எழுதிய தகடுபோல இருக்கும்.

இதை ஒழுங்குபடுத்தப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து டிஸ்கி என்ற எட்டு பிட் முறையை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற முறைகளை அறிவித்தது. ஆங்கிலத்துக்கு இடம் விட்டது டாப். தமிழுக்கு மட்டுமானது டாம். ஒரே பைட்டுக்குள் நின்றுகொண்டு செய்யக்கூடிய சமரசம் இவ்வளவுதான்.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு அந்தப் பைட்டின் வேலியைத் தாண்டியது. ஆனால் இந்திய மொழிகளுக்கு அது எடுத்துக்கொண்ட வரிசை, எட்டு பிட் காலத்து இந்தியத் தரமான இஸ்கியுடையது. ஒவ்வொரு மொழிக்கும் 128 இடம் என்ற கணக்கும் அப்படியே தொடர்ந்தது. இதன் விளைவாக 'க' ஒரு குறி, 'க்' இரண்டு குறி. நம் இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை. கணினியிலோ மெய் என்பது அகரமேறிய எழுத்தின் மேல் புள்ளி குத்திப் பெறுவது. இதை ஏற்காதவர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 என்ற பதினாறு பிட் முறையை முன்வைத்தார்கள். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் தரமாக ஏற்றது. நடைமுறையில் வென்றது யூனிகோடு. கைபேசி செய்கிறவர்கள் எதைப் பொருத்தி அனுப்புகிறார்களோ அதுதானே வெல்லும்.

இந்தக் கணக்கு நம் பணப்பையையும் தொடுகிறது. குறுஞ்செய்தி ஒன்றின் கொள்ளளவு 140 பைட். ஏழு பிட் ஆங்கில எழுத்தாக இருந்தால் 160 அடங்கும். அங்கே சேமிக்கும் முறை வேறு; தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்றுக்குப் பதில் இரண்டு பைட் எடுப்பதால் 70 மட்டுமே. அதுவும் எழுபது எழுத்தில்லை: 'வணக்கம்' நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஏழு குறி. ஆங்கிலத்தில் ஒரே செய்தியாகப் போவது தமிழில் இரண்டாகவோ மூன்றாகவோ கணக்கிடப்படுவது இதனால்தான்.

துண்டு எழுத்துக் காலத்தில் தட்டச்சு செய்த நூல்களும் ஆய்வேடுகளும் பலரிடம் இன்னும் ஃப்ளாப்பியிலும் குறுவட்டிலும் கிடக்கின்றன. அவற்றை மீட்க எண்களை மாற்றினால் மட்டும் போதாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். வரிசையையும் திருப்ப வேண்டும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரியாவிட்டால் அதுவும் கடினம்.

சரி, பென் டிரைவுக்கு என்ன வழி?

1. உள்ளே ஏதாவது இருந்தால் முதலில் வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த படி அனைத்தையும் அழித்துவிடும்.

2. விண்டோஸில் பென் டிரைவின் மேல் வலச் சொடுக்கு செய்து 'ஃபார்மட்' என்பதைத் தேர்ந்து, முறையை எக்ஸ்ஃபேட் என்று மாற்றுங்கள். 2006-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த முறை இது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி அட்டைகளுக்கு இதுவே தரமான முறை.

3. பழைய டிவி, கார் ஸ்டீரியோ ஆகியவற்றில் எக்ஸ்ஃபேட் ஓடாமல் போகலாம். அவற்றுக்குப் பாட்டு கேட்க மட்டும் பென் டிரைவ் வேண்டுமென்றால் பழைய முறையிலேயே விட்டுவிடுவது நல்லது. எந்தப் பாட்டும் நான்கு ஜிபி இருக்காது.

எக்ஸ்ஃபேட்டில் கோப்பின் அளவுக்கு எட்டு பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். கல்யாண வீடியோ எத்தனை நாள் ஓடினாலும் கவலையில்லை. தேதிக் கட்டத்தில் மட்டும் கை வைக்கவில்லை: ஆண்டுக்கு அதே ஏழு பிட், எண்ணிக்கை அதே 1980-லிருந்து. 2107 வரை தாங்கும்.